பிளஸ்ஸி திறக்காத வாய்

என் பெயர் ரத்தினபாய், வயது 46, கணவர் பெயர் சாலமன். பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். அதே பகுதியில் உள்ள அன்பின் நிழல் குழந்தைகள் இல்லத்தில் ஆயாவாக வேலை செய்து வருகிறேன். அங்கு தங்கியிருக்கும் பிளஸ்ஸி என்ற எட்டு வயதுச் சிறுமியை நான் அனுமதியின்றித் தூக்கிச் சென்றதாக இல்லத்தின் மேலாளர் ஜெபசீலன் புகார் கொடுத்திருக்கிறார். தூக்கிச் சென்றது உண்மை. ஏன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் இல்லத்துக்குப் பிறந்தநாள் கொண்டாட வெளியாட்கள் அடிக்கடி வருவார்கள். கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டிப் போட்டோ எடுப்பார்கள். மிஞ்சும் சாக்லேட்டை ஜெபசீலன் பூட்டி வைத்து, இரவு ஜெபத்தில் சத்தம் போடாத பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அதை வாயில் அடக்கியபடியே பிள்ளைகள் தூங்கிவிடும். நோட்டு, பொம்மை, பிஸ்கட் எல்லாம் வரும். பல் டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. பிளஸ்ஸிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் கறுத்துக் குழி விழுந்திருந்தது. ஜெபசீலனிடம் சொன்னதற்கு, "பால் பல்லுதானே, தானா விழுந்துடும்" என்றார்.

சென்ற ஞாயிறு காலை பிளஸ்ஸியின் கன்னம் வீங்கி உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். "பார்ட்டி முடியட்டும். இந்த மூஞ்சியோட போனா, நாம சரியா பாத்துக்கலன்னு கேள்வி கேப்பாங்க" என்றார். மதியம் கோவிலம்பாக்கத்திலிருந்து ஹரிபிரசாத் என்பவர் தன் மகளின் முதல் பிறந்தநாளுக்காகக் குடும்பத்தோடு வந்தார். வீக்கம் போட்டோவில் தெரியாதபடி ஜெபசீலன் பிளஸ்ஸியை ஒருபக்கமாகத் திருப்பி நிறுத்தினார். அதன் பிறகு ஹரிபிரசாத் கேக்கை அவள் வாயருகே கொண்டுபோய், "வெட்கப்படாத செல்லம், ஆ காட்டு" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பிளஸ்ஸியின் உதடு பிரிந்தது, பல் பிரியவில்லை. ஜெபசீலன் பின்னால் நின்று, "அடம் பிடிக்காத, வாயத் திற" என்றார். அவள் திறக்கத்தான் பார்த்தாள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. கிரீம் அப்பிய முகத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

அதன் பிறகு ஓர் ஆட்டோவை மறித்து ஏறி, குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது ஜெபசீலன் போன் செய்து, "இப்பவே திரும்பி வா, இல்லன்னா கடத்தல் கேஸ் குடுத்துடுவேன்" என்றார். அதே நேரம் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாக்கா, கொயந்தைக்கு மூச்சு இழுக்குது" என்றார். நான் போனை அணைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துப்போய்ச் சீழை வெளியேற்றினார்கள். பல்லில் இருந்த சீழ் கழுத்துக்கு இறங்கிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னார். அது பால் பல் இல்லை, விழுந்தால் மறுபடி முளைக்காத பல் என்றும் சொன்னார். மறுநாள் பிளஸ்ஸிக்குப் பேச்சு வந்தது. "கேக் சாப்பிடலன்னு சார் அடிப்பாரா ஆன்ட்டி?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இனி என்னை இல்லத்துக்குள் விடமாட்டோம் என்கிறார்கள். என் மேல் வழக்குப் போட்டாலும் போடுங்கள், மறுபடி நேர்ந்தாலும் இதையே செய்வேன். மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. கடைசியாக ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இல்லத்தில் உள்ள எபி, சுஜி என்ற இரண்டு பிள்ளைகளும் சில நாளாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார்கள். வரும் ஞாயிறு அங்கே இன்னொரு பிறந்தநாள் இருக்கிறது. அதற்குள் யாராவது போய் அந்தப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

(ஒப்பம்)
ச. ரத்தினபாய்