ராணியின் புருஷன்

மீன்குழம்பு நான் நன்றாக வைப்பேன். என் மனைவி எலிசாவே அதை ஒப்புக்கொள்வாள். ஷார்ஜாவில் ரோலா பக்கம் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் இரண்டு வருஷம் அடுப்படி என் பொறுப்பில்தான் இருந்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

சவுதியில் யான்புவில் வேலை முடிந்து ஊரில் நான் சும்மா நின்றபோது, தன் விசாவில் என்னை வரவழைத்தவள் அவள். இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திர டீச்சர். புருஷன் விசாவில் பெண்டாட்டி வருவதுதான் அங்கே வழக்கம். டீச்சர், டாக்டர் மாதிரி சிலருக்கு மட்டும் புருஷனை அழைத்துக்கொள்ள அனுமதி உண்டு. என் பாஸ்போர்ட்டில் ஸ்பான்சர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. வேலை செய்ய அனுமதியில்லை என்று ஒரு வரியும் இருந்தது.

2002ஆம் வருஷம் ஆண்டுவிழாவுக்கு அவள் ஒரு நாடகம் போட்டாள். இங்கிலாந்து ராணி மேரியின் கல்யாணக் கதை. பெண்பிள்ளை நாட்டை ஆளுவாளா என்று மந்திரிமாருக்குச் சந்தேகம். அவள் கட்டிக்கொண்டாலோ, அந்நிய தேசத்துப் புருஷன் கைக்கு நாடு போய்விடும் என்று பயம். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதினார்கள். அவனுக்கு ராஜா என்ற பட்டம் உண்டு, அதிகாரம் கிடையாது.

"ஒரு பய கேக்கான், அப்போ ராஜாவுக்கு என்னதான் ஜோலி டீச்சர்ண்ணு" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் குத்திக்காட்டவில்லை, அவளுக்கு அது தெரியாது. வேண்டுமென்றே குத்தியிருந்தால் நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

அதே மாதம் ஆண்பிள்ளைகள் பிரிவுக்கு அவளைத் தலைமையாக்க நிர்வாகம் முடிவுசெய்தது. இத்தனை பையன்களை ஒரு பொம்பளை கட்டி மேய்ப்பாளா என்று பெற்றோர் சிலர் கேட்டார்களாம். சர்ச்சில் ஞானையா அண்ணன் என் தோளைத் தட்டி, "இனி நீரு பிரின்சிபாலுக்க மாப்பிளயில்லா" என்றார். வாழ்த்தாகத்தான் சொன்னார். எனக்கு அன்று பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகக் கூசியது.

அந்தப் பள்ளியில் லேப் அசிஸ்டென்டாக இருந்தவன் சஜின், எங்கள் குளச்சல் பையன். பழைய கார் ஒன்று வைத்திருந்தான். ஒத்திகை முடிவதற்குள் பள்ளிப் பேருந்து போய்விடும். அதனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு டீச்சரைக் கொஞ்சம் ரூம்ல விட்டிரு மக்கா" என்றேன். "அதுக்கென்ன அண்ணே" என்றான்.

உறவில்லாத ஆணும் பெண்ணும் தனியாக ஒரே காரில் போவது குற்றம் என்று ஷார்ஜாவில் சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். மறுநாள் தெருமுனைக் கார்டு போனிலிருந்து போலீசுக்குப் பேசினேன். கார் நம்பர், நிறம், புறப்படும் நேரம், எல்லாம் தெரிந்த இந்தியில் சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

ஸ்டேஷனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எலிசா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூட்டிவரச் சொன்னது நீதானா என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். ஆமாம் என்றிருந்தால் மூன்று பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். "நஹி சாப்" என்றேன்.

சஜின் என்மேல் கோபப்படவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். "அண்ணே, சர்ச் வாசல்ல வச்சு சொன்னீங்கல்லா அண்ணே, ஓர்த்துப் பாருங்க" என்றான். ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னான். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனை இரண்டு மாதம் ஜெயிலில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. எலிசாவை நான்காம் நாள் விட்டார்கள், பள்ளிக்கூடம் விடவில்லை, நீக்கிவிட்டது. அவள் விசா ரத்தானபோதுதான் என் விசாவும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. நுனிக்கிளையில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டியவன் நான்.

இப்போது குளச்சலில் இருக்கிறோம். கடைக்குப் போவதென்றாலும் அவள் என்னைக் கேட்டுக்கொண்டுதான் போகிறாள். "நீங்க சொன்னியண்ணு பொய் சொல்லில்லா பாவி என்னையக் கார்ல ஏத்தினான்" என்று சஜினைச் சபிக்கிறாள். நான் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. வேறொருத்தனாக இருந்தால் இவளைத் தள்ளி வைத்திருப்பான் என்று ஊரில் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறார்கள்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட நான் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் எலிசா கேட்டாள், "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, நீங்க ஒரு நாளாவது என்னையச் சந்தேகப்பட்டீங்களா?"

"ஒரு நாளும் இல்ல" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

எவ்வளவோ தப்பு செய்தவன்தான் நான். ஆனால் கட்டின நாளிலிருந்து என் பெண்டாட்டியிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.