எண்பதாவது துண்டு

— இன்னைக்கு முடியாது ஐயா. சீட்டை எடுக்காதீங்க.

— நான் இன்னும் உட்காரவே இல்லையேம்மா.

— உட்காருங்க. குடையை அந்த வாளியில வைங்க, தரையெல்லாம் தண்ணி. ஆனா பதிவு கேட்டுச் சீட்டு எழுத வேண்டாம், சரியா?

— வெளியில வெறும் தூறல்தான். இந்த ரூமுக்குள்ள வந்தா அதுவும் மறந்துடுது. உங்க ஒலிக் காப்பக மெஷினுங்க எல்லாம் சேர்ந்து ம்ம்ம்னு ஒரே சுருதியில... யாரோ பக்கத்துல படுத்திருக்கற மாதிரி.

— பேச்சை மாத்தாதீங்க. இங்க பாருங்க, திரையில சிவப்பா என்ன இருக்கு?

— கண்ணாடி கொண்டு வரல. நீயே படிச்சுச் சொல்லு.

— நாற்பது வருஷம் ஊசியில நூல் கோத்தவருக்கு இது தெரியலையாம். படிக்கறேன். தூக்க ஆய்வுக்கூடப் பதிவு. பெண், வயசு நாற்பத்தெட்டு. நீளம் நாற்பது நிமிஷம். எண்பது துண்டுல எழுபத்தொன்பது ஒரே ஆளுக்குப் போயிருக்கு. அந்த ஆள் நீங்க.

— ஒருத்தர் ஒரு நாளைக்கு முப்பது நொடி எடுத்துட்டுப் போகலாம்னு பலகையில எழுதி மாட்டியிருக்கீங்களே?

— படிக்கறவங்க, பாடம் நடத்தறவங்க சின்னதா ஒரு துண்டு எடுத்துக்கட்டும்னு குடுத்த உரிமை அது. தைச்ச கோட்டைத் துண்டு துண்டாக் கத்தரிச்சு வீட்டுக்குக் கொண்டு போயி, மறுபடியும் கோட்டாத் தைச்சுக்கச் சொல்லல.

— பரவாயில்லையே, தையல் கத்துக்கிட்டே.

— நாலு மாசமா உங்களோட உட்கார்ந்தா இந்தச் சுவர்கூடக் கத்துக்கும்.

— தப்புன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

— தப்பு இல்ல ஐயா, அதான் வம்பே. எழுபத்தொன்பது வரைக்கும் துண்டு. எண்பதாவதையும் குடுத்தா முழுப் பதிவும் உங்க கையில. அப்புறம் அது துண்டு இல்ல, நகல். நகல் எடுக்கணும்னா உரிமையாளர் கையெழுத்து வேணும்.

— உரிமையாளர்னா?

— எத்தனை தடவை சொல்றது? பதிவு செஞ்ச ஆய்வுக்கூடம். அதை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. மூணு கடிதம் போட்டேன். மூணும் பிரிக்காமலே திரும்பி வந்துடுச்சு.

— மூச்சு என் பொண்டாட்டியோடது.

— விட்டவங்களுக்கு இல்ல ஐயா, மைக் வச்சவங்களுக்குத்தான் உரிமை. எனக்கு மட்டும் இது நல்லாவா இருக்கு?

— அங்க போகச் சொன்னதே நான்தான், தெரியுமா? குறட்டை விடறேன்னு சொன்னா ஒத்துக்கவே மாட்டா. "நானா? நீங்க கனவு கண்டிருப்பீங்க"ன்னு சண்டைக்கு வருவா. சரி, மெஷினே சொல்லட்டும்னு கூட்டிட்டுப் போனேன்.

— மெஷின் உங்க பக்கம்தான். பன்னிரண்டாவது துண்டுல சத்தம் காட்டற முள்ளு சிவப்பைத் தொட்டுச்சு.

— ஜெயிச்சு என்ன பண்றது? அவ போனப்புறம் வீடு அவ்வளவு அமைதி. அந்த அமைதியில எனக்குக் கண்ணே மூடல. ரெண்டு வருஷம். பகல்ல சட்டைக்குக் காஜா எடுக்கும்போது விரலையே தைச்சுக்கிட்டேன்.

— இப்ப?

— போனைத் தலையணைக்குப் பக்கத்துல, அவ படுக்கற பக்கமா வச்சுக்குவேன். ஆறு, ஏழாவது துண்டு வரைக்கும் ஞாபகம் இருக்கும். அப்புறம் தெரியாது.

— எனக்கும் அப்படித்தான் ஐயா. உங்க துண்டை வெட்டும்போது கண்ணு சொக்கிடும். ஒரு நாள் எங்க மேலதிகாரி மேடம் வந்து முன்னாடி நிக்கறாங்க, நான் மேசையில தலை வச்சுத் தூங்கறேன். அந்த முப்பத்தொண்ணாவது துண்டுல உங்க வீட்டம்மா சிரிக்கறாங்களே, யாரைப் பார்த்துச் சிரிச்சாங்க?

— அதைத்தான் நானும் கேட்கணும்னு பார்க்கறேன். எழுப்பிக் கேட்க மனசு வரல.

— ஐயா...

— என்னம்மா?

— ஒண்ணுமில்ல. உங்களை முதல் நாள் பார்த்தது ஞாபகம் வந்துச்சு. நாற்பது நிமிஷமும் இங்கயே உட்கார்ந்து அசையாம கேட்டீங்க. முடியற நேரத்துல ஹெட்போனைக் கழட்டி மேசையில போட்டுட்டு, குடையைக்கூட எடுக்காம எழுந்து போனீங்க. இவர் இனி வரமாட்டார்னு நினைச்சேன். மறுநாள் பத்து மணிக்குப் பலகையைப் படிச்சுக்கிட்டு நிக்கறீங்க.

— கதவு திறக்க நேரமாச்சு. வேற என்ன படிக்கறது?

— கேளுங்க. இவருக்கு இனிமே குடுக்காதே, கணக்கை மூடுன்னுட்டாங்க மேடம். குடுத்தா என் வேலைக்கே ஆபத்து. அதனால உங்களுக்குக் குடுக்கப் போறதில்ல, சரியா? ஆனா காலையில என் பேர்ல ஒரு உறுப்பினர் அட்டை போட்டேன். நானும் பயனாளர்தான். எனக்கும் இன்னைக்கு முப்பது நொடி உண்டு.

— அடிப்பாவி.

— எடுத்தாச்சு. இந்தாங்க, இந்தப் பென்டிரைவ்ல இருக்கு. நான் இதை இந்த மேசையில மறந்து வச்சுட்டு, தண்ணி குடிக்கப் போறேன்.

— உட்காரும்மா. போகாதே. இந்தா, இதைக் குடுக்கத்தான் வந்தேன்.

— உங்க அட்டை! எதுக்கு?

— இனிமே இங்க எனக்கு வேலை இல்ல. நேத்தே முடிச்சுப் போட்டு நூலை அறுத்துட்டேன். எழுபத்தொன்பது முடிஞ்சா மறுபடியும் ஒண்ணு. ஓடிக்கிட்டே இருக்கும்.

— ஐயா, ஒரே ஒரு துண்டுதானே பாக்கி? இதுல என்ன இருக்குன்னு நான் கேட்கக்கூட இல்ல. அவசரத்துல வெட்டி எடுத்தேன். உங்களுக்காக.

— தெரியும்மா. நல்ல மனசு உனக்கு. அதை நீயே வச்சுக்க.

— ஏன்?

— நான் அதை முதல் நாளே கேட்டுட்டேன். அதுல அவ முழிச்சுக்குவா.