திரைக்குள்ளிருந்து வந்த சத்தம்

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து, என் நாவுக்கு அவனிடமே பலம் கேட்டு ஆரம்பிக்கிறேன். அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து வீற்றிருக்கும் தலைவர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் கச்சிமுகம்மது ஹாஜியார் அவர்களே! அருகே அமர்ந்திருக்கும் மௌலவி முர்ஷித் அவர்களே! பாடசாலை அதிபர் அவர்களே! வயலையும் வலையையும் கடையையும் ஒரு பொழுது விட்டுவிட்டு வந்திருக்கும் வாப்பாமார்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒன்றுமாக வந்திருக்கும் என் உம்மாமார்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்.

சற்று முன் வாசலில் ஓர் உம்மா என் கையைப் பிடித்தார். பிடித்தவர், "என்ன பஸ்மிலா டீச்சர், கை ஐஸாக் கிடக்கு?" என்று கேட்டார். பயம் உம்மா, பயம்! பத்து வருடமாக இந்தப் பாடசாலையில் உங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கிறேன். இவ்வளவு பயம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. நான் பேசி முடித்ததும் தலைவர் அவர்கள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். பெண்பிள்ளைகள் மைதானத்தில் ஓடுவதை நிறுத்தி, இந்தப் பாடத்தை வகுப்பறைக்குள் புத்தகத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி. நிறுத்தலாம் என்பவர்கள் கை உயர்த்த வேண்டும். உயர வேண்டிய கைகளெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் வாசலிலேயே தீர்மானமாகிவிட்டன என்று கேள்விப்படுகிறேன். சிரிக்கிறீர்களே, அப்படியானால் உண்மைதான்!

பெரியோர்களே! எங்கள் மைதானத்தைச் சுற்றி ஒரு திரை இருக்கிறது. மருதமுனைத் தறிக்காரர்கள் மனமுவந்து தந்த துணி. அந்தத் திரையைக் கேட்டதும் நான்தான், கட்டியதும் என் பிள்ளைகள்தான். திரை கட்டும் முன் என் பாடவேளையில் நடந்த கதை தெரியுமா? வயிற்றுவலி! தரம் எட்டு வகுப்பில் வயிற்றுவலி, ஒன்பதில் வயிற்றுவலி, பத்தில் தலையிடியும் சேர்ந்த வயிற்றுவலி! வீதியால் போகும் கண்களுக்குக் கூசி மர நிழலில் ஒடுங்கிக் கிடந்த பிள்ளைகள், திரை கட்டிய மறுநாள் எழுந்து ஓடினார்கள். ஹிறா இல்ல அணி ஓடியது, மர்வா இல்ல அணி ஓடியது, வயிற்றுவலிக்காரி எல்லோருக்கும் முன்னே ஓடினாள். அந்த மானமுள்ள திரைக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

வாப்பாமார்களும் ஒரு வார்த்தை தந்தீர்கள். மகளை ஏற்ற வருபவர்கள் திரைக்கு முதுகு காட்டி நிற்பது என்று. தந்த வார்த்தையைக் காத்தீர்கள். மாலையானால் மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோக்களும் வரிசையாக நிற்கும். அத்தனை வாப்பாமாரும் வீதியைப் பார்த்தபடியே நிற்பீர்கள். இவ்வளவு கண்ணியமான ஊர் வேறெங்கே இருக்கிறது என்று எத்தனை நாள் பூரித்திருக்கிறேன்!

அந்தக் கண்ணியத்தின் நடுவேதான் ஸகியா விழுந்தாள்.

கச்சான் காற்று நெருப்பாக வீசிய மாலை அது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி. மர்வா இல்லத்துக்காக ஓடிக்கொண்டிருந்த தரம் ஒன்பது ஸகியா, வளைவில் தள்ளாடினாள், மடங்கினாள், மண்ணில் சாய்ந்தாள். ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. வேர்வை ஒரு சொட்டும் இல்லை. "உம்மா, கதவப் பூட்டுங்க, கதவப் பூட்டுங்க" என்று பிதற்றினாள். வெயில் மூளைக்கு ஏறினால் இப்படித்தான் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! இருந்த தண்ணீரையெல்லாம் அவள் மேல் ஊற்றினோம். பர்தாவின் நுனியால் விசிறினோம். பிள்ளைகள் அவளைச் சூழ்ந்து நின்று "ஸகியா! ஸகியா!" என்று கத்தினார்கள்.

திரைக்கு வெளியே அவளுடைய வாப்பா ஹமீட் காக்கா, தன் ஆட்டோவில் சாய்ந்து, முதுகு காட்டி நின்றிருந்தார். மகளின் பெயரை மைதானமே கூவுவது அவருக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "என்ட மகள்தான் முன்னுக்கு ஓடுறாள் போல!"

சபையோரே, உள்ளே மகள் உயிருக்குப் போராடுகிறாள், வெளியே வாப்பா பெருமையில் சிரிக்கிறார்! இடையில் இருந்தது ஒரு முழத் தடிப்புச் சுவரா? ஊதினால் ஆடும் துணி!

நான் அனுப்பிய பிள்ளை ஓடிப்போய், "ஸகியா உழுந்துட்டாள், ஆட்டோவக் கொண்டாங்க!" என்று அலறினாள். எல்லோரும் திரும்பினார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. "பொம்புளப் புள்ளைகள் இரிக்காங்க, டீச்சரே கூப்புடட்டும்" என்றார் ஒருவர். "யாராச்சும் உம்மாமார் இரிந்தா அனுப்புங்க" என்றார் இன்னொருவர். ஹமீட் காக்கா திரையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், நான் உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டார். பிள்ளைகளின் கூச்சலில் எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார். அதுவும் கேட்கவில்லை. பெற்ற மகள் மண்ணில் கிடக்கிறாள், பெற்ற தகப்பன் அனுமதிக்காகக் காத்து நிற்கிறார்! கடைசியில் அழுதபடி துணியை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார், அள்ளினார், கல்முனை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தாள்.

இப்போது கேட்கிறேன். அவளை விழுத்தியது ஓட்டமா? அன்று காலையிலிருந்து அவள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை? குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை! மயக்கத்தில் அவள் பிதற்றியது எந்தக் கதவை என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். என்ன உம்மா, தலையை ஆட்டுகிறீர்கள்? உங்கள் மகளும் அப்படித்தானா? ஓம், கேட்டுப் பாருங்கள், எல்லா வீட்டிலும் அதே பதில்தான் வரும். தண்ணீர் குடியுங்கள் என்று நான் படிப்பிக்கிறேன், குடிக்காதே என்று கதவு படிப்பிக்கிறது! ஓட்டத்தை நிறுத்தினால் அந்தக் கதவு பூட்டிக்கொள்ளுமா? வகுப்பறைக்குள் வெயில் வராதா? உட்கார்ந்தே வளரும் பிள்ளைகள் நாளைக்கு உங்களைப் போலச் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டுமா?

போன கிழமை ஸகியாவைப் பார்க்கப் போனேன். உடம்பு தேறிவிட்டது, ஆனால் பாடசாலைக்கு வரமாட்டேன் என்கிறாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "டீச்சர், என்னாலதானே எல்லாரையும் நிப்பாட்டப் போறாங்க? அவங்கட முகத்துல எப்படி முழிக்கிற?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன். பதில் உங்கள் கைகளில் அல்லவா இருக்கிறது! நீங்கள் இன்றைக்குக் கை உயர்த்தினால், அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் அந்தப் பழியைச் சுமப்பாள். அதை நினைத்துத்தான் என் கை ஐஸாகக் கிடக்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. திரை இருக்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் வரட்டும். மைதானத்தில் நிழலும் தண்ணீரும் வரட்டும். இரண்டு உம்மாமார் முதலுதவி பழகி என்னோடு நிற்கட்டும். உள்ளிருந்து உதவி என்று குரல் வந்தால், வெளியே நிற்பவர் யாராயினும் அனுமதி கேட்காமல் வரட்டும். மௌலவி அவர்களே, இதில் தவறுண்டா? கேட்டீர்களா சபையோரே? "உயிர்ட விஷயத்துல கேட்டுக்கிட்டு நிக்கிறதுதான் தவறு" என்கிறார்! அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக.

பின்வரிசையில் யார் எழும்புவது? ஹமீட் காக்கா! சொல்லுங்கள் காக்கா, என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒலிவாங்கி வேண்டாமா? சரி. முன்னுக்கு இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நிப்பாட்டச் சொல்லிக் கை தூக்கத்தான் வந்தன் டீச்சர். தூக்க மாட்டன். நாளைக்கு மகளக் கூட்டி வாறன். நான் உள்ளுக்குப் பாக்க மாட்டன், ஆனா இனி ஆட்டோவுக்குக் கிட்டயும் நிக்க மாட்டன். திரையில காத வெச்சிக்கிட்டு நிப்பன்."

இதற்கு மேல் நான் என்ன பேச? பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் உம்மாமாருக்கும், எழுந்து நின்ற அந்த வாப்பாவுக்கும் என் உள்ளம் நிறைந்த நன்றி. அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக. தலைவர் அவர்களே, உங்கள் கேள்வியைக் கேளுங்கள். நான் உட்காரவில்லை. எந்தெந்தக் கை உயர்கிறது என்று நின்றே பார்த்துவிட்டுப் போய், ஸகியாவிடம் சொல்ல வேண்டும். வஸ்ஸலாம்.