கைதட்ட ஆள் கூட்டிவந்தவர்

இந்த நினைவேந்தல் அவைக்குத் தலைமையேற்று அடிக்கடி கடிகாரம் பார்க்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் சிவந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! வேலையைப் போட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என் கணவரைப் படித்தவர்களே, படித்ததாகச் சொல்பவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

"யாரையும் புண்படுத்தாத எழுத்தாளர்" என்று இதுவரை பேசிய அத்தனை பேரும் சொன்னீர்கள். ஐயா, வாழ்நாள் முழுதும் அவர் வேறென்ன வேலை பார்த்தார்? பொய்யைப் புண்படுத்தினார், போலியைப் புண்படுத்தினார், புகழ்ப் பித்தைப் புண்படுத்தினார்! போன மாதம்வரை பொல்லாதவர், போனபின் புனிதரா?

அவருடைய கடைசி நாவலில் ஒரு பெரிய மனிதர் வருகிறார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கைதட்டத் தன் ஆளையே கூட்டிப்போவார். அச்சாகும் முன்பே செய்தி கசிந்தது. மூச்சுத் திணறிக் கட்டிலில் கிடந்தவரைப் பார்க்க வரிசை கட்டினார்கள். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, "ஐயா, அது நான்தானே? அந்த அத்தியாயத்த மட்டும் எடுத்துடுங்களேன்" என்றார் ஒருவர். யாரென்று சொல்லமாட்டேன், தலைவர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள். அவர் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுமுன் அடுத்தவர் அமர்ந்து அதையே கேட்டார். அவருக்குப்பின் இன்னொருவர்! ஒரு பாத்திரத்துக்கு எத்தனை உரிமையாளர்கள்! சிரிக்காதீர்கள் அம்மா, அத்தனை பேருக்கும் தேநீர் போட்டவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து அழக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்: "பொறுமையே போச்சுங்க. யாருங்க அந்த ஆளு?"

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிச் சொன்னார்: "நான்தான்டி. என் முதல் கூட்டத்துக்கு உன் தம்பிய எதுக்குக் கூட்டிட்டுப் போனேன்னு நெனச்சே?"

சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். "ஒரு வரிய வெட்ட விட்டே, செத்தாலும் உன்ன விடமாட்டேன்" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

இன்று மேடையேறும்போது தலைவர் என் காதில், "அந்த அத்தியாயம் வேணாமேம்மா, அவர் பேருக்குக் களங்கம்" என்கிறார். களங்கமா? தன்னைப் பார்த்தே சிரித்தவருக்குக் களங்கமா? தன்னையே தப்பவிடாத பேனா உங்களைத் தப்பவிடுமா? சிலை எழுப்புங்கள், தெருவுக்குப் பெயர் சூட்டுங்கள். அவர் எழுதியதில் மட்டும் கை வைக்காதீர்கள்!

இதோ, இந்தப் பையில் இருக்கிறது நாவல். நேற்றே அச்சாகிவிட்டது. ஒரு வரி குறையவில்லை. தலைவர் அவர்களே, முதல் பிரதியை நீங்கள்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். எழுந்து வாருங்கள்.

ஏன் இந்த அமைதி? கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் தட்டுகிறாரே, யார் அது? என் தம்பி!

தட்டுடா, நல்லாத் தட்டு. இன்று அவனை யாரும் கூட்டிவரவில்லை, பெரியோர்களே. அவனுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.