இந்த மேடை எங்கிருந்து வந்தது?

நான்கு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்துவிட்டு ஆறு மணிக்கு அருள்கூர்ந்து வந்தமர்ந்த அவைத்தலைவர் ஜெயசிங் அவர்களே! அவருக்காக வெயிலில் வாடிய பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! பூவாரிலிருந்து வலையைக் கரையேற்றிவிட்டு ஓடிவந்த சகோதரர்களே! இந்தப் பொன்னுதாசின் வணக்கம்.

“பகலில் நகரசபையின் நிதியைக் காக்கிறார், மாலையில் காரக்கோணத்தில் தமிழ் கற்பிக்கிறார்” என்று தலைவர் என்னைப் புகழ்ந்தார். கைதட்டினீர்கள். “எல்லைக்கு இந்தப் பக்கம் விடுபட்டுப்போன நம் ஊர்கள் தமிழகத்தோடு சேரும் போராட்டத்துக்காக இன்று இதே மேடையில் வேலையைத் துறக்கிறார்” என்றார். அதற்கும் தட்டினீர்கள். என்னை ஒருவராவது கேட்டீர்களா?

யார் அது, பின்னால்? “வேலையை எறிஞ்சிட்டு வாரும் சாரே” என்பது? மக்கா, முதல்ல உன் கையில இருக்க பீடியை எறி. பொறவு என் வேலையைப் பேசலாம்.

குமாஸ்தாவாக நுழைந்து நிதி அதிகாரியாக உயர்ந்தவன் நான். விளக்கு கேட்டு வந்தவரிடமும், பாலம் கேட்டு வந்தவரிடமும் நான் கேட்டது ஒன்றே: எங்கிருந்து எடுத்து இங்கே போடுகிறோம்? அதற்காக என்னை ஏசாத வாய் இல்லை. இன்று உங்களையும் கேட்கிறேன். இந்த மேடை எங்கிருந்து வந்தது?

விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்! பெஞ்சுகள்! என் வகுப்பின் பெஞ்சுகள்! கூட்டமென்றால் காரக்கோணத்திலிருந்து இந்தப் பாறசாலைக்கு வண்டியேற்றுகிறீர்கள். உண்ணாவிரதமென்றால் ஏற்றுகிறீர்கள். ஒருமுறையாவது நீங்களாகத் திருப்பிக் கொண்டுவந்தீர்களா?

தமிழுக்கு ஆசிரியர் இல்லை என்றுதானே நம் பள்ளியில் தமிழ் வகுப்பு திறக்க மறுக்கிறார்கள்? அந்த ஆசிரியை ஆகப்போகிறவள் அதோ இருக்கிறாள், பூவார் மார்கிரெட்! காலையில் மீன் சுமக்கிறாள், மாலையில் என்னிடம் படிக்கிறாள். திங்கட்கிழமை அவளுக்கு ஆசிரியர் பரீட்சை. நேற்று வெறுந்தரையில் மண்டியிட்டு எழுதினாள். ஏன் பெஞ்சைக் கேட்கவில்லை என்றேன். “தமிழுக்கு வேண்டியாக்கும் எடுத்திட்டுப் போனாங்க சாரே, நான் எப்பிடிக் கேக்க?” என்றாள். என் நெஞ்சு எரிகிறது ஐயா! தமிழ் வாழ்க என்று முழங்குவதற்குத் தமிழ் படிக்கிறவளைத் தரையில் தள்ள வேண்டுமா?

தலைவர் என் துண்டைப் பிடித்து இழுக்கிறார். “ராஜினாமாவைச் சொல்லிட்டு இரியும் சாரே” என்கிறார். சொல்கிறேன். நான் எழுந்தால் அந்த நாற்காலியில் இன்னொரு தமிழன் உட்காருவானா? உட்காரப் படித்தவன் எங்கே? படிக்கப் பெஞ்சு எங்கே? துறக்கச் சொன்னீர்கள், துறக்கிறேன். வேலையை அல்ல, இந்த மேடையை!

இதோ, இறங்கிவிட்டேன். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. பொறுமையின்றிக் கேட்ட தலைவருக்கும் நன்றி. தலைவர் அவர்களே, நீங்களும் எழுந்தருள வேண்டும். நீங்கள் அமர்ந்திருக்கிற பெஞ்சுதான் மார்கிரெட்டுடையது. அனைவருக்கும் வணக்கம்.

எலே பீடிக்கார ஜெயதாசே, என்ன பாத்துட்டு நிக்கே? பெஞ்சோட அந்தத் தலைப்பைப் பிடி மக்கா, தூக்கு!