இடப்பக்கம் ஒரு விரல் இறக்கம்

உங்கள் மேசை லேசாக ஆடுகிறது, ஐயா. அந்தப் பக்கத்துக் காலுக்கு அடியில் ஓர் அட்டையை நாலாக மடித்து வைத்தால் நின்றுவிடும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் புத்தி. நான் தரைக்கு ஓடு பதிப்பவன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். அப்புறம்தான் வீட்டுக்காரர் முகத்துக்கு.

நீங்களாவது வண்டியைப் பற்றிக் கேட்டீர்களே, சந்தோஷம். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் மச்சானைப் பற்றியே கேட்டார்கள்.

அது பழைய சரக்கு வேன். நானும் என் மனைவியும் சேர்ந்து அதை ஒரு குட்டி வீடாக மாற்றினோம். இடப்பக்கம் ஜன்னலோரம் இருக்கை. அதை இழுத்து விரித்தால் கட்டில். வலப்பக்கம் அடுப்பு, தொட்டி, துணி அலமாரி. திரைச்சீலைகளை அவளே தைத்தாள். விடுமுறை கிடைத்தால் கிளம்பிவிடுவோம். எங்கே நிறுத்துகிறோமோ அங்கே எங்கள் வாசல்.

ஒரே குறை, வேன் ரொம்ப உயரம். காற்றடித்தால் தள்ளாடும். வளைவில் திரும்பினால் தட்டுகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடும். போதாததற்குப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்பக்கம் குனிந்து, கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவனைப் போல நிற்கும். அதனால்தான் குட்டை ஸ்பிரிங் வாங்கினேன். நாலு சக்கரத்துக்கும் அதை மாட்டினால் வண்டி தரையை ஒட்டித் தாழ்ந்து, முன்னும் பின்னும் ஒரே சீராக நிற்கும்.

மாட்டுகிற வேலையில் மச்சான்தான் கூடமாட இருந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தவர். அவர் மனைவி தவறிய பிறகு, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாளுக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் வேறு. நல்ல மனிதர், அதை நான் மறுக்கவே மாட்டேன். நல்ல பருமன். அவர் சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து சிரிக்கும்.

பயணங்களுக்கும் வந்தார். இடப்பக்க ஜன்னலோரம் அவருடைய இடம். நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். “மாப்ள, கண்ணாடியப் பாத்தீங்களா, இல்ல கண்ணாடி உங்களப் பாத்துச்சா?” என்பார். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரிக்கத்தானே வேண்டும்.

ஸ்பிரிங் மாட்டி முடித்த அன்றைக்கு நீங்கள் அந்த வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். தெருவின் எதிர்வரிசைக்குப் போய் நின்று வெகுநேரம் பார்த்தேன். சக்கரத்துக்கு மேல் இருக்கும் இடைவெளி முன்னும் பின்னும் அச்சில் வார்த்த மாதிரி. “நம்ம கல்யாண ஃபோட்டோவக்கூட நீங்க இப்படிப் பாத்ததில்ல” என்றாள் மனைவி. உண்மைதான்.

அடுத்த பயணத்தில் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினோம். சிமெண்ட் தரை, தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். வேலையில் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வண்டிக்குள் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்காமல் வலப்பக்கம் ஓடிவிட்டது. இடப்பக்கம் ஒரு விரல் இறக்கம். வண்டி உயரமாக இருந்தபோது அது கண்ணுக்கே பட்டதில்லை. தாழ்ந்து அழகாக நிற்கிற வண்டியில் ஒரு விரல் என்பது முகத்தில் இருக்கிற கோணல் மாதிரி.

தண்ணீர் கேனை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். சிலிண்டர், பாத்திரம், பெட்டி எல்லாவற்றையும் வலப்பக்கம் கொண்டுபோனேன். “ஒரு டம்ளர் எடுக்க வண்டியச் சுத்தி வரணுமா?” என்று மனைவி சலித்துக்கொண்டாள். அப்போது மச்சான் காலாற நடக்கலாம் என்று கீழே இறங்கினார். குமிழி நடுவுக்கு வந்தது. அவர் ஏறினார், போய்விட்டது. மறுபடி இறங்கினார், வந்தது. அன்று முழுக்க அவர் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “மாப்ளைக்கு எம்மேல என்னா அக்கறை, கண்ண எடுக்கவே மாட்டேங்கறார்” என்றார்.

அவரை வலப்பக்கம் உட்காரச் சொல்லியும் பார்த்தேன். அலமாரியை ஒட்டி ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தேன். அங்கே ஜன்னல் இல்லை. பாவம், வழியெல்லாம் வாந்தி. மனைவி அவரைப் பழைய இடத்துக்கே கூட்டிப் போய் உட்காரவைத்தாள். “எங்கண்ணன் என்ன மூட்டையா, ஏத்தி எறக்க?” என்று கேட்டாள். நான் மாற்றிய சாமான்களையும் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அவர் என்னை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுவாராமே, அந்தக் கோபமா என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் கேலி செய்வார்தான். உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு விருந்தில், “ஊரான் வீட்டுத் தரைக்கெல்லாம் மட்டம் பாக்கறவர் நம்ம மாப்ள. அவர் வண்டி மட்டும் பல்லு வலிக்காரன் கன்னம் மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் யார் எங்கே உட்கார்ந்து சிரித்தார்கள் என்பது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. எனக்கு இயல்பாகவே ஞாபகசக்தி அதிகம், வேறொன்றுமில்லை.

சம்பவத்தன்று காலையில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். “மக வரச்சொல்லிக்கிட்டே இருக்கா மாப்ள. அடுத்த வாரம் கெளம்பலாம்னு இருக்கேன். போறதுக்குள்ள உங்க வண்டியச் சரி பண்ணிக் குடுத்துடறேன்” என்று சொல்லி, ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். உதிரிபாகக் கடையில் விசாரித்து வாங்கியிருக்கிறார். இடப்பக்க ஸ்பிரிங்குக்கு அடியில் அதை வைத்தால் சரியாக ஒரு விரல் உயரும். “இவ்ளோதான் விஷயம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்.”

“எல்லாத்துக்கும் எங்கண்ணன்தான் வரணும்” என்றாள் மனைவி.

யோசனை சரியான யோசனை. எனக்குத் தோன்றாமல் போனது, ஒத்துக்கொள்கிறேன். வளையமும் வந்தாயிற்று, ஆளும் ஊருக்குப் போகப்போகிறார், பிறகு எதற்காக என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் கை கழுவும்போது யோசித்தேன். போகிறவர்கள் திரும்பி வருவார்கள். அதை விடுங்கள். அந்த வளையத்தை வைத்தால் வண்டி மட்டமாக நிற்கும். ஆனால் அது அவர் நிறுத்திய மட்டம். வண்டியைப் பார்க்கிறபோதெல்லாம் யாராவது அதைச் சொல்லிக் காட்டுவார்கள். உழைத்தவன் நான்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினேன். தோள் பிடித்துக்கொண்டது என்றேன். “நீங்க நகருங்க, நான் போறேன்” என்று பாயை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது பெரிய காரியம். ஜாக்கி நழுவினாலும் வண்டி கீழே வராமல் தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு என்று ஒன்று உண்டு. அவர் விவரமான ஆள், மறக்காமல் கேட்டார்.

“ஸ்டாண்டு வெச்சாச்சா மாப்ள?”

“வெச்சாச்சு மச்சான்.”

பொய் சொல்லவில்லை. சுவரோரம் வைத்திருந்தேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

உள்ளே ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வேலை செய்தார். கொஞ்ச நேரத்தில், “போயி உக்காந்துடுச்சு மாப்ள. சும்மா கச்சிதம். எறக்கிப் பாத்துடலாம்” என்றார். தான் வெளியே வந்த பிறகு என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் சாதிக்க மாட்டேன். பழைய ஸ்பிரிங்காக இருந்திருந்தால் அடியில் அவருக்கு இடம் இருந்திருக்கும். சட்டை கிழிந்திருக்கும், வயிறு கொஞ்சம் சிராய்த்திருக்கும், அதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்திருப்பார்.

வீட்டுக்குள் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. “முடிஞ்சுதாங்க?” என்று மனைவி குரல் கொடுத்தாள். “இதோ, ஆச்சு” என்றேன்.

நான் ஜாக்கியை இறக்கும் திருகில் கை வைத்ததும் அவர் “மாப்ள, இருங்க” என்றார். பிறகு “மாப்ள” என்று மட்டும் சொன்னார்.

முரட்டுத்தனமாகச் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. திருகை ஒரேயடியாகத் திறந்தால் மொத்தப் பாரமும் தடாலென்று வந்து இறங்கும், புது ஸ்பிரிங் கெட்டுப்போகும். அதனால் நான் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினேன்.