பர்க்கோலா யுத்தத்தை நடத்தியவன்

வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில், இடுப்பில் சாரத்தோடு உட்கார்ந்துகொண்டு, தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில் பதினேழு நாள் யுத்தமொன்றை நடத்தி முடித்தவன் நான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். முதலில் தொள்ளாயிரம் என்றுதான் எழுதினேன். பிறகு மனம் கேட்கவில்லை. பிளேன்ரீ ஆறுவதற்குள் சமாதான ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது.

நம்பும்படி உங்களை வற்புறுத்தமாட்டேன். நம்பியவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். நம்பாதவர் ஒரேயொருவர். இந்த வாக்குமூலம் அவரைப் பற்றியது.

என் பெயர் செபஸ்தியன். பிறந்தது கொட்டாஞ்சேனை, வயது எழுபத்துநான்கு. முப்பத்தொரு வருடங்களாக வானொலியில் 'இருபத்தெட்டு நிமிட உலகம்' என்ற விவரண நிகழ்ச்சியைச் செய்துவருகிறேன். சாம்ராச்சியங்கள், பஞ்சங்கள், புரட்சிகள், கால்வாய்கள், இன்றைய எண்ணெய் விலை எல்லாம் அதில் வந்திருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகு ஒரு சின்னப் பண்பலை நிலையம் வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்பச் சொன்னது. நான் உடுப்பு அலுமாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் பேசுவேன். துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். ரோம் வீழ்ந்தது எனது மூன்று கோட்டுகளுக்கும் ஒரு மழை அங்கிக்கும் முன்னால்தான்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிழையைச் சுட்டிக்காட்டிக் கடிதம் வந்தால், அடுத்த வாரம் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, எழுதியவரின் பெயரோடும் ஊரோடும் அதை வாசிக்கவேண்டும். நல்ல வழக்கம். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா எனக்கு நேர்கீழே, மூன்றாம் தளத்தில் இருந்தார். நிலஅளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஞாயிறு தோறும் அவர் வீட்டில் பிளேன்ரீ, பற்றிஸ், பேச்சு. திங்கட்கிழமை எனக்கு ஒரு தபாலட்டை எழுதுவார். கீழிருந்து தபாற்கந்தோருக்குப் போய், அங்கிருந்து நிலையத்துக்குப் போய், நான்கு நாளில் அது ஒரு மாடி ஏறி என்னிடம் வரும்.

"ஸ்ரீ அண்ணை, ஒரு மாடிதானே. ஏறி வந்து சொல்லலாமே," என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏறி வந்தால் அது சிநேகிதம் ஐசே. இது திருத்தம்," என்றார்.

ஆயிரத்து நூற்று நாற்பது தபாலட்டைகள். ஆற்றின் நீளத்தில் நாற்பது கிலோமீற்றர் பிழை, ஒப்பந்தத்தின் திகதியில் ஒரு நாள் பிழை, தலைநகரின் பெயர் மாறி ஆறு மாதமாகிவிட்டது. ஒவ்வொன்றும் சரி. 'வெள்ளவத்தையிலிருந்து திரு. ஸ்ரீஸ்கந்தராசா எழுதுகிறார்' என்று ஆயிரத்து நூற்று நாற்பது தடவை என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு கலியாணவீட்டில் யாரோ ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து, "நீங்கதானே அந்த ஸ்ரீஸ்கந்தராசா திருத்துற ஆள்?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். கேக் நன்றாக இருந்தது.

போன வருடம் வெளிச்சவீடுகளின் வரலாறு பற்றி ஒரு நிகழ்ச்சி. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் இருபத்துநான்கு நிமிடம்தான் வந்தது. நான்கு நிமிடம் வெற்றாக இருந்தது. அந்த நான்கு நிமிடத்துக்குள், 1957இல், பர்க்கோலா, வெஸ்ட்ரினா என்ற இரண்டு தீவுகள் நடுவிலிருந்த பாறையின் வெளிச்சவீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டன. அகலக்கோடு, நெடுங்கோடு எல்லாம் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அவருக்குத் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

தபாலட்டை வந்தது. 'தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.'

வழக்கப்படி வாசித்தேன். வாசித்த பிறகு, கொஞ்சம் குரலைத் தணித்து, "எங்கள் மூத்த நேயருக்கு வயது எண்பத்தொன்று. அவருடைய நீண்ட சேவைக்கு நன்றி," என்று சேர்த்தேன். அவ்வளவுதான். ஒரு பொய்யும் அதில் இல்லை.

அடுத்த கிழமை ஆதாரம் வைத்தேன். வெளிநாட்டுக்காரரின் குரல் விவரணத்தில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு விநாடி அவருடைய மொழி. பிறகு அது கீழே போய்விடும், மேலே தமிழ் வரும். கீழே போனவர் என்ன சொன்னார் என்று உலகத்தில் ஒருவரும் கேட்பதில்லை. என் மைத்துனன் ஷெல்டன் துறைமுகத்தில் வேலை செய்பவன். கொச்சிக்கடையில் கப்பலுக்காகக் காத்திருந்த ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியைப் பிடித்துத் தந்தான். அந்த மனுசன் தன் கடைவாய்ப் பல்வலியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அதன்மேல் நான், வெளிச்சவீட்டைக் காத்து இறந்த தளபதியின் மகனாக, தமிழில் பேசினேன். முகத்துவாரத்திலிருந்து நேசம் என்ற நேயர் அழைத்து அழுதார். தன் பெரியப்பா அந்தத் தளபதியின் கப்பலில் சமையற்காரராக இருந்தவராம். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கொட்டாஞ்சேனை நேயர் மன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது. சரியாக ஒரு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்ரீ அண்ணை அதன்பிறகு கிழமைக்கு ஒரு தபாலட்டையோடு நிற்கவில்லை. தூதரகங்களுக்குப் பதினான்கு கடிதம் எழுதினார். நூலகத்தில் பழைய பத்திரிகைகளை எடுத்து 1957ஐ நாள் நாளாகப் புரட்டினார். காலி வீதியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் மறித்து, அப்படியொரு யுத்தம் நடக்கவில்லை என்று விளக்கினார். செவ்விளநீர் விற்கிறவனிடமும் சிங்களத்தில் சொன்னார். அவன் "ஹரி, ஹரி, மாத்தயா," என்று சரி சொல்லித் தலையாட்டிவிட்டு இளநீரை வெட்டினான். நித்திரை குறைந்தது. சாப்பாடும் குறைந்தது.

அவருடைய மகள் ஆரணிக்கு வங்கியில் வேலை. புருசனுக்கு மெல்பேணில் வேலை கிடைத்து, ஐப்பசியில் அவளும் போவதாக இருந்தது. அப்பாவைத் தனியே அந்த வீட்டில் விட்டுப் போகலாமா என்பதுதான் அவளுடைய கவலை. அவருக்குக் கவலையே இல்லை. அந்த வீடு, ஒரு மேசை, சுவர் முழுக்க வரைபடம், ஞாயிறு பிளேன்ரீ; அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆரணி ஃபோனில் தேடிப் பார்த்தாள். "அப்பா, எட்டு வீடியோ கிடக்கு. எட்டுப் பேரும் பொய்யே சொல்லீனம்?"

"எட்டும் இந்தாளைப் பார்த்து எழுதினது பிள்ளை."

"உலகத்துக்கே தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் தெரியேல்லை. அதைத்தான் நான் பயப்பிடுறன்."

நான் பக்கத்தில் பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் குடும்ப விஷயத்தில் தலையிடுவது என் பழக்கமில்லை.

மறுநாள் பின்னேரம் அவர் படியேறி வந்தார். முப்பத்தொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கையில் சுருட்டிய சமுத்திர வரைபடம். வாசலிலேயே நின்றார், மூச்சு வாங்கியது.

"ஐசே, எனக்கு மட்டும் சொல்லும். நீர்தானே எழுதினது? ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இனிமேல் தபாலட்டையும் போடமாட்டன். எனக்குத் தெரிஞ்சால் அதுவே காணும்."

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சிலர் தவறாக நினைக்கலாம். ஓம் என்ற ஒரு சொல்லில் விஷயம் முடிந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எதிர்பாராமல் வந்தவருக்கு முதலில் கதிரை கொடுக்கவேண்டும். கொடுத்தேன். பிளேன்ரீ போட்டேன், சீனி குறைவாக, அவருக்குப் பிடித்தபடி. பிறகு அவருடைய கையைத் தொட்டுச் சொன்னேன்:

"ஸ்ரீ அண்ணை, உங்களுக்கும் எப்பவாவது ஒருக்கால் பிழைச்சிருக்கலாம்தானே?"

அவர் வரைபடத்தை விரித்து நெடுநேரம் பார்த்தார். போகும்போது அதை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஆரணி டொக்டரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு என்னையும் கேட்டாள், போனேன். டொக்டர் திகதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். ஸ்ரீ அண்ணை இரண்டுக்கு வந்து, அங்கே நிற்காமல் பூச்சியத்துக்குக் கீழேயும் போனார். டொக்டர் சிரித்தார். ஆரணியின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அத்தோடு எழும்பியிருக்கலாம்.

"வேறை ஏதும் பிரச்சினை?" என்று டொக்டர் பொதுவாகக் கேட்டார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் ஸ்ரீ அண்ணை. "பர்க்கோலா யுத்தம் நடக்கேல்லை. இவர்தான் அந்தக் கதையைக் கட்டினவர்." விரல் என்னைக் காட்டியது.

டொக்டர் என்னைப் பார்த்தார். குரலை அடையாளம் கண்டிருக்கவேண்டும். அவருடைய அம்மா ஒரு நிகழ்ச்சியும் தவறவிடுவதில்லையாம். "நீங்களே சொல்லுங்கோ சேர்," என்றார்.

ஒரு வைத்தியரின் அறையில், ஒரு மகளுக்கு முன்னால், என்னிடம் நேராகக் கேட்கப்பட்டது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு விஷயத்தின் முடிவை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அவரிடம்தான் கேட்பார்கள். நான் ஸ்ரீ அண்ணையின் தோளில் கையை வைத்தேன், அழுத்தாமல்.

"பதினேழு நாள், டொக்டர்," என்றேன்.

டொக்டர் எழுதினார். ஆரணி கைக்குட்டையை எடுத்தாள்.

ஆக, விசாரிக்கிறவர்களுக்காகத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பர்க்கோலா என்றொரு தீவு இல்லை. அந்த இடத்தில் தண்ணீர்தான். ஒரு தளபதியும் சாகவில்லை. சரியாகச் சொன்ன மனுசனை, அவர் சரி என்று தெரிந்துகொண்டே, பிழை என்று சாட்சி சொல்லி, அவருடைய வீட்டிலிருந்து வெளியேற்றியவன் நான். ஆரணி ஐப்பசியில் மெல்பேண் போய்விட்டாள். மூன்றாம் தளத்தில் இப்போது வேறு ஆட்கள். நல்ல சனம், வானொலி கேட்பதில்லை. ஸ்ரீ அண்ணை ஹெந்தளையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கடற்காற்று வரும் இடம். வெள்ளவத்தையைவிடச் சுத்தமான காற்று என்று ஆரணிக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன்.

இதை நான் பகையினால் செய்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர் போன பிறகு என் நிகழ்ச்சியில் ஒரு பிழையும் வருவதில்லை. எட்டு மாதமாக ஒரு தபாலட்டைகூட இல்லை. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் இப்போது நாற்பது விநாடி மிஞ்சுகிறது; வீணை வாத்தியம் போடுகிறேன்.

ஞாயிறு தோறும் பஸ் பிடித்து ஹெந்தளைக்குப் போகிறேன். பற்றிஸ் கொண்டுபோவேன். யார் இப்படிச் செய்வார்கள்? அங்குள்ள தாதி என்னை அவருடைய தம்பி என்றே நினைத்திருக்கிறாள். முன்பெல்லாம் நான் யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். நான் ஒவ்வொரு கிழமையும் கேட்பேன், மெதுவாகத்தான். அவருக்கு விஷயம் ஞாபகத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக.

போன ஞாயிறு திரும்பிப் படுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, சேட்டுப் பொத்தானை மேலே வரை பூட்டி, தலையைக் கையால் கோதிக்கொண்டார். நேர்முகப் பரீட்சைக்கு வந்த ஆள் மாதிரி. அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே தருகிறேன். அதன் முற்பாதியை இந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, பெயரோடும் ஊரோடும் வாசித்துவிட்டேன். பிற்பாதியை இன்னும் ஆரணிக்கு அறிவிக்கவில்லை. அங்கே அவளுக்கு வேலை அதிகம், வசதியான நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஓம் ஐசே, நடந்தது. பதினேழு நாளும் நடந்தது. பிழை என்னிலைதான். ஆரணிக்கு எடுத்துச் சொல்லும், அப்பா ஒத்துக்கொண்டிட்டார், இனி அவரை வீட்டுக்குப் போக விடலாமோ எண்டு."